ஐஸ்லாந்தில் மூன்று கொசுக்கள்



கட்டுரை முடிந்து பக்கத்தின் அடியில் நாலு விரற்கடை இடம் மிஞ்சிவிட்டால் பத்திரிகைக்காரர்கள் என்ன செய்வோம் என்பது உங்களுக்குத் தெரியும். துணுக்கு போடுவோம். நியூசிலாந்தில் ஆட்களைவிட ஆடுகள் அதிகம். நெருப்புக்கோழி பயந்தால் தலையை மண்ணுக்குள் புதைத்துக்கொள்ளும். இப்படி இரண்டு வரி. உங்களில் பலர் முதலில் படிப்பதே அதைத்தான். இது நம் கட்டுரையாளர்களுக்குத் தெரியவேண்டாம்.

விலங்குகளையும் நாடுகளையும் பற்றிய துணுக்குகளைத் திரட்டி இந்த இதழில் நாலு பக்கத் தொகுப்பாகப் போடலாம் என்று நினைத்தோம். பழைய இதழ்களைப் புரட்டினோம். வாசகர்கள் அனுப்பியவையும் ஒரு கட்டு சேர்ந்திருந்தது. வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன எங்கள் உதவி ஆசிரியையிடம் எல்லாவற்றையும் கொடுத்து, "சரி பார்த்து வையம்மா" என்று சொல்லிவிட்டு நான் டீ குடிக்கப் போனேன். அவர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தவர், மறுநாள் சாயங்காலம்தான் எழுந்தார். "சார், நம்பவே முடியாததெல்லாம் உண்மையா இருக்கு. நம்புற மாதிரி இருக்கறதுலதான் கோளாறு" என்றார்.

அவர் முதலில் அடித்தது ஒரு பென்குயினை. 'நார்வே ராணுவத்தில் ஒரு பென்குயின் மேஜர் ஜெனரலாக இருக்கிறது' என்ற துணுக்கைக் கண்டதுமே கோடு போட்டுவிட்டாராம். அப்புறம் மனசு கேட்காமல் தேடியிருக்கிறார். அட்சரம் பிசகாத உண்மை. ஆனால் அந்த மேஜர் ஜெனரல் வசிப்பது நார்வேயில் இல்லை, ஸ்காட்லாந்தின் எடின்பரோ மிருகக்காட்சிசாலையில். அந்த ஊரில் நடக்கும் ராணுவ இசை விழாவுக்கு 1961-ல் நார்வே அரசரின் காவல் படை வந்தது. அதிலிருந்த நில்ஸ் எகெலியன் என்ற அதிகாரிக்கு அங்கிருந்த பென்குயின்களைப் பார்த்து ஆசை ஒட்டிக்கொண்டது. 1972-ல் படை மறுபடி வந்தபோது ஒரு ராஜ பென்குயினைத் தத்தெடுக்க ஏற்பாடு செய்தார். அவருடைய பெயரையும் அப்போதைய மன்னர் ஐந்தாம் ஓலாவின் பெயரையும் சேர்த்து 'நில்ஸ் ஓலாவ்' என்று வைத்தார்கள். பெயரோடு ஒரு சிறு பதவியும் கொடுத்தார்கள். அந்தப் படை விழாவுக்கு வரும்போது பதவி உயர்வும் கூடவே வரும். 2008-ல் சர் பட்டம், 2016-ல் பிரிகேடியர், 2023-ல் மேஜர் ஜெனரல். ஒரு பறவை கண்ணை மூடினால் அடுத்தது அதே பெயரையும் பதவியையும் ஏற்றுக்கொள்ளும். இப்போது இருப்பது மூன்றாவது. சிப்பாய்கள் விறைப்பாக வரிசையில் நிற்க, இது ஆடி அசைந்து நடந்து ஒவ்வொருவராகப் பார்வையிடும் படத்தை உள்ளே போட்டிருக்கிறோம். பதவி உயர்வுக் கோப்பு பல வருஷமாக நகராமல் கிடக்கும் அரசு ஊழியர்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவது நல்லது.

அடுத்தது, 'ஆஸ்திரேலிய ராணுவம் ஈமு கோழிகளோடு போரிட்டுத் தோற்றது'. இது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொன்னால் சிரிப்புக் கொஞ்சம் குறையும்.

முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள் பலருக்கு மேற்கு ஆஸ்திரேலியாவில் நிலம் கொடுத்து, கோதுமை பயிரிடச் சொல்லி அனுப்பினார்கள். கொஞ்ச வருஷத்தில் உலகமெங்கும் பொருளாதார மந்தம். கோதுமை விலை சரிந்தது. போதாக்குறைக்கு 1932-ல் சுமார் 20,000 ஈமுக்கள் கேம்பியன் வட்டாரத்து வயல்களில் இறங்கின. முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்ததும் உள்நாட்டிலிருந்து கடலோரம் நோக்கி நடப்பது அவற்றின் வழக்கம். வழியில் விளைந்த கோதுமையும் மாடுகளுக்கு வைத்த தண்ணீரும் கிடைத்தால் எந்தப் பறவைதான் தாண்டிப் போகும்? அவை தின்றதோடு நிற்காமல் பயிரை நாசமும் செய்தன. அவை உடைத்த வேலி வழியாக முயல்கள் வேறு நுழைந்தன. விவசாயிகள் பழைய சிப்பாய்கள் இல்லையா, எந்திரத் துப்பாக்கியின் வேகத்தைக் கண்ணால் பார்த்தவர்கள். அதனால் விவசாய அமைச்சரிடம் போகாமல் நேராகப் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பியர்ஸிடம் போய் நின்றார்கள்.

மேஜர் மெரிடித் தலைமையில் இரண்டு லூயிஸ் துப்பாக்கிகளும் 10,000 தோட்டாக்களும் நவம்பர் மாதம் வந்து சேர்ந்தன. ஈமுக்கள் ஒரு கூட்டமாக நின்று சுடப்படும் என்று எதிர்பார்த்தார்கள். அவை சத்தம் கேட்டதுமே சிறு சிறு கும்பலாகப் பிரிந்து ஆளுக்கொரு திசையில் ஓடின. ஒரு அணைக்கரையில் ஆயிரம் பறவைகள் வரும்வரை பதுங்கியிருந்து சுட்டபோது, பத்துப் பன்னிரண்டு விழுந்ததோடு துப்பாக்கி சிக்கிக்கொண்டது. லாரியில் துப்பாக்கியை ஏற்றித் துரத்திப் பார்த்தார்கள். மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கிய குலுங்கலில் குறி வைக்கவே முடியவில்லை. நடுவில் ஒரு தடவை திரும்ப அழைத்து, மறுபடி அனுப்பி, டிசம்பரில் மூட்டை கட்டினார்கள். 9,860 தோட்டாவில் 986 பறவைகள் என்பது மெரிடித் கொடுத்த கணக்கு. பறவைக்குச் சரியாகப் பத்துத் தோட்டா. கணக்கு இவ்வளவு அழகாக வந்தால் நம்மூர் ஆடிட்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்ப்பார்.

துணுக்கு இங்கே நின்றுவிடுகிறது. கதை நிற்கவில்லை. அடுத்து அரசாங்கம் ராணுவத்தை விட்டுவிட்டு, கொன்ற பறவைக்கு இவ்வளவு என்று பரிசுப் பணம் கொடுக்கும் முறையை நம்பியது. 1934-ல் ஆறே மாதத்தில் 57,034 பறவைகளுக்குப் பணம் பட்டுவாடா ஆனது. தோற்றது யார் என்று நீங்களே சொல்லுங்கள். இத்தனைக்கும் அந்த நாட்டின் அரசுச் சின்னத்தில் கங்காருவுக்கு எதிரே கேடயத்தைத் தாங்கி நிற்பது இதே ஈமுதான்.

ஈமு என்றதும் கொங்குப் பக்கத்து வாசகர்களுக்குப் பெருந்துறை ஞாபகம் வந்திருக்கும். பணம் கட்டினால் பறவை தருகிறோம், கொட்டகை போட்டுத் தருகிறோம், மாதாமாதம் சம்பளம்போலப் பணம் வரும் என்று சொல்லி ஆயிரக்கணக்கானவர்களிடம் வாங்கிய நிறுவனங்கள் 2012-ல் படுத்துக்கொண்டன. பறவைகள் பட்டினி கிடந்தன. கடைசியில் அரசாங்கமே தீவனம் போட வேண்டி வந்தது. இந்தக் கதையில் யார் தோற்றார்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

இனி, பார்த்தால் நம்பும்படி இருந்த துணுக்குகள். 'நியூசிலாந்தில் ஒரு ஆளுக்கு 22 ஆடுகள்.' இது 1982 கணக்கு. அப்போது அங்கே ஆடுகள் 7 கோடி. பின்னர் அரசு விவசாய மானியத்தை நிறுத்தியது, கம்பளி விலை இறங்கியது, மேய்ச்சல் நிலமெல்லாம் பால் பண்ணைகளாயின. இப்போது ஆடுகள் இரண்டரைக் கோடிக்கும் கீழே. மக்கள்தொகை 50 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆளுக்கு ஐந்துகூடத் தேறாது. நாற்பது வருஷமாக நாங்களும் 22 என்றே அச்சடித்துக்கொண்டிருந்தோம்.

நெருப்புக்கோழி விஷயம் சுத்தப் பொய். அது தரையில் பள்ளம் பறித்து முட்டையிடும். முட்டைகளை அலகால் புரட்டிவிட அடிக்கடி குனியும். தூரத்திலிருந்து பார்த்தவருக்குத் தலையைக் காணோம். இந்தப் பழியைச் சுமக்க நம்மிடம் கண்ணை மூடிக்கொள்ளும் பூனை இருக்கிறதே, நெருப்புக்கோழியை எதற்கு இறக்குமதி செய்தோம் என்று தெரியவில்லை.

'உலகத்தில் உள்ள பாண்டாக்கள் அத்தனையும் சீனாவுக்கே சொந்தம்' என்ற வரியையும் நான் கண்ணை மூடிக்கொண்டு விட்டிருப்பேன். பெரும்பாலும் சரிதான். சீனா ஒரு காலத்தில் பாண்டாக்களை நட்பு நாடுகளுக்குப் பரிசாகக் கொடுத்தது. 1980-களில் அதை நிறுத்தி வாடகைக்கு விட ஆரம்பித்தது. ஒரு ஜோடிக்கு வருஷ வாடகை 10 லட்சம் டாலர்வரை. குட்டி பிறந்தால் அதுவும் சீனாவுக்கே. ஆனால் மெக்சிகோவுக்கு ஒரு ஜோடி 1975-லேயே, பரிசுக் காலத்திலேயே போய்விட்டது. அதன் வம்சத்தில் 1990-ல் மெக்சிகோ நகரின் சாபுல்டெபெக் மிருகக்காட்சிசாலையில் பிறந்தவள் ஷின் ஷின். அவளுக்கு வாடகையும் கிடையாது, சீனாவில் உரிமையாளரும் கிடையாது. முப்பது வயதைத் தாண்டிய அந்தக் கிழவி ஒருத்தியால் எங்கள் 'அத்தனையும்' அடிபட்டுப்போனது. 2008-ல் தைவானுக்குப் பரிசாகப் போன ஜோடியும் உண்டு. அதைச் சீனா வெளிநாடு என்று ஒப்புக்கொள்ளாது என்பதால் அந்த வம்புக்கு நாங்கள் போகவில்லை.

கடைசியாக, எனக்கு நேரடியாகத் தலைக்குனிவு தந்த துணுக்கு. 'கொசுவே இல்லாத நாடு ஐஸ்லாந்து.' இதை நானே என் கையால் எழுதியிருக்கிறேன். சாக்கடை ஓரத்து அறையில் வத்தி கொளுத்தி வைத்துக்கொண்டு, பொறாமையோடு எழுதிய ஞாபகம். அப்போது அது உண்மைதான். அங்கே குளங்கள் குளிர்காலத்தில் உறையும், உருகும், மறுபடி உறையும். அந்த இழுபறியில் கொசுவின் கூட்டுப்புழு பிழைக்காது என்பது விஞ்ஞானிகள் சொன்ன ஒரு காரணம். கடிக்கும் சிறு ஈக்கள் உண்டு. ஒரு ஏரிக்கே அவற்றின் பெயரால் மீவாட்ன் என்று பெயர். ஆனால் கொசு இல்லை.

2025 அக்டோபரில் வந்தது. தலைநகர் ரெய்க்யவிக்குக்கு வடக்கே கியோஸ் என்ற பகுதியில், பூச்சிகளை ஆராய்வதைப் பொழுதுபோக்காகக் கொண்ட ஒருவர் விட்டில்களைப் பிடிக்க ஒயினில் தோய்த்த கயிற்றைத் தொங்கவிட்டிருந்தார். அதில் மூன்று கொசுக்கள். இரண்டு பெண், ஒரு ஆண். நாட்டின் இயற்கை அறிவியல் நிறுவனம் சோதித்து, கொசுவேதான் என்று உறுதி செய்தது. குளிர் தாங்கக்கூடிய வகை. குளிர்காலத்தைக் கொட்டகைகளிலும் நிலவறைகளிலும் ஒண்டிக் கழித்துவிடுமாம். இரண்டு பெண், ஒரு ஆண் என்றால் என்ன ஆகும் என்று கொசுவோடு வளர்ந்த நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இப்படியாக நாலு பக்கத் தொகுப்பு மூன்று பக்கமாகிவிட்டது. மிச்ச இடத்தில் விளம்பரம் வந்திருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இனி துணுக்கு அனுப்பும் அன்பர்கள் எங்கே படித்தது, எந்த வருஷத்துக் கணக்கு என்று ஒரு வரி சேர்த்து எழுதினால் எங்கள் உதவி ஆசிரியைக்கு உபகாரமாக இருக்கும். நமது பழைய இதழ்களைச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருப்பவர்கள், ஐஸ்லாந்து துணுக்கு கண்ணில் பட்டால் பேனாவை எடுத்து அடித்துவிடுங்கள். கொசு இல்லாத இடம் கட்டாயம் வேண்டுமென்றால் அண்டார்டிகா என்று எழுதிக்கொள்ளலாம். இந்த இதழ் அச்சுக்குப் போகும்வரை அது சரி.

அன்புடன்,
ஆசிரியர்