சோம்பேறிப் பாத்தி

இந்த வாரம் நாம் போகிற ஊரில் ஒருவர்கூட இல்லை. வீடுகளுக்குக் கூரை கிடையாது, கதவு கிடையாது. ஆனால் மேப்பில் தேடினால் பெயர் வருகிறது: ஸ்லீவ்மோர்.

அயர்லாந்தின் மேற்குக் கரையில், மேயோ கவுண்டியைச் சேர்ந்த அக்கில் தீவில் இருக்கிற மலை அது. பெயருக்கு ஐரிஷ் மொழியில் 'பெரிய மலை' என்றுதான் அர்த்தம். அதன் தெற்குச் சரிவில் ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு, 80 முதல் 100 கல்வீடுகள் இடிந்து நிற்கின்றன.

அயர்லாந்து முழுவதும் 'டவுன்லேண்ட்' எனப்படும் சின்னச் சின்ன நிலப்பிரிவுகள் உண்டு. 60,000-க்கும் மேல். பெயரில் டவுன் இருக்கிறதே தவிர, பலவற்றில் நாலு வீடும் வயலும்தான். 2015-ல் 'ஐர்கோடு' வரும்வரை கிராமங்களில் பலருக்கு அட்ரஸ் என்றால் பேரும் டவுன்லேண்டும்தான். பக்கத்து வீட்டுக்கும் அதே அட்ரஸ். யார் எந்த வீடு என்பது போஸ்ட்மேனுக்குத் தெரியும்!

ஸ்லீவ்மோரும் அப்படியொரு டவுன்லேண்ட். பெரும்பாலும் ஒற்றை அறை வீடுகள். சுண்ணாம்பு, சாந்து எதுவும் பூசாமல் கல் மேல் கல் அடுக்கிய சுவர். ஒரு பக்கம் குடும்பம், மறுபக்கம் மாடு. குளிர்காலத்தில் மாட்டின் உடம்புச் சூடு வீட்டுக்கும் ஆகும்.

எனக்கு வீடுகளைவிட, அவற்றைச் சுற்றித் தெரிகிற வரிகள்தான் மனதில் நின்றன. சரிவு முழுக்க, சீப்பால் வாரிவிட்டதுபோல. அத்தனையும் உருளைக்கிழங்குப் பாத்திகள். இதற்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் 'லேஸி பெட்'. சோம்பேறிப் பாத்தி!

செய்முறையைக் கேளுங்கள். நீளவாக்கில் ஒரு பட்டை நிலத்தை உழாமல் விட வேண்டும். கடற்கரையிலிருந்து கூடையில் கடல்பாசி சுமந்துவந்து உரமாகப் பரப்பி, விதைக்கிழங்கை வைக்க வேண்டும். பிறகு இரண்டு பக்கமும் புல்லோடு மண்ணை வெட்டிப் புரட்டி மூட வேண்டும். எல்லாம் மண்வெட்டியால், கையால். வெட்டிய பள்ளம் மழைத்தண்ணீருக்கு வடிகால். ஓயாமல் மழை பெய்கிற மலையில் கிழங்கு அழுகாமல் இருக்க இதுதான் வழி. இதற்குப் போய் சோம்பேறி என்று பெயர் வைத்தவர் ஒருநாளாவது பாசி சுமந்திருப்பாரா?

1845-ல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. ஏழைகளுக்கு அதுதான் மூன்று வேளைச் சாப்பாடு. அடுத்த சில வருடங்களில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். இன்னொரு 10 லட்சம் பேர் கப்பலேறினார்கள்.

ஸ்லீவ்மோர் ஒரே நாளில் காலியாகவில்லை. பஞ்சம், வாடகை பாக்கி, வெளியேற்றம், வெளியூர்ப் பிழைப்பு என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. சிலர் கீழே கடலோரத்து டூவா கிராமத்துக்கு இறங்கினார்கள். அதற்குப் பிறகும் கோடையில் மாடு மேய்க்க வருகிறவர்கள் இதே வீடுகளில் தங்கினார்கள். 1940-கள் வரை இந்த வழக்கம் இருந்தது.

1950-களில் இங்கே வந்த ஜெர்மன் எழுத்தாளர் ஹைன்ரிஷ் பொல், இந்தக் காலி ஊரைப் பற்றித் தன் அயர்லாந்துப் பயண நூலில் எழுதினார். பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவர்.

உங்கள் மொபைலில் சாட்டிலைட் வியூ போட்டு அக்கில் தீவைத் தேடி, மலையின் தெற்குப் பக்கம் ஜூம் பண்ணுங்கள். வீடுகள் புள்ளியாகத்தான் தெரியும். அவற்றைச் சுற்றிப் பாருங்கள், பாத்திகள் கோடு கோடாகத் தெரியும்.