பணம் பத்திரமா இருக்கு, ஆனா உள்ளே போக முடியலை. ஏன்?

வங்கிச் செயலியைத் திறக்கிறீர்கள். வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. "மீண்டும் முயற்சி செய்யவும்" என்று வருகிறது. உங்கள் பணம் எங்கேயும் போகவில்லை. அப்போ எதுதான் உடைஞ்சது?

முதலில் ஒன்று. நீங்கள் பார்க்கும் செயலி ஒரே மென்பொருள் அல்ல. உள்நுழைய ஒன்று, கணக்கில் எவ்வளவு இருக்கு என்று பார்க்க ஒன்று, பேநவ் மூலம் பணம் அனுப்ப இன்னொன்று. ஒவ்வொன்றும் தனிச் சேவை. ஒன்றை ஒன்று கூப்பிட்டுத்தான் வேலையை முடிக்கின்றன. இதைத்தான் சேவை சார்ந்த மென்பொருள் கட்டமைப்பு என்கிறார்கள்.

பெரிய நிறுவனங்களுக்கு இது ஏன் பிடிக்கும்? ஒன்றை மாற்ற மற்றதைத் தொட வேண்டியதில்லை. ஒருமுறை எழுதிய சேவையைச் செயலி, கிளை, ஏடிஎம் எல்லாமே பயன்படுத்தலாம்.

சிக்கலும் அங்கேதான். எல்லாரும் நம்பியிருக்கும் ஒரு சேவை படுத்தால், மற்றவை நன்றாக இருந்தும் பயனில்லை. 2021 நவம்பரில் டிபிஎஸ் வங்கியில் கோளாறு வந்தது, யார் உள்ளே வரலாம் என்று பார்க்கும் சர்வர்களில். இரண்டு நாளுக்கு மேல் பலரால் உள்நுழைய முடியவில்லை.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு சேவை 99.9 விழுக்காடு நேரம் ஒழுங்காக இயங்குகிறது என்று வையுங்கள். ஆண்டுக்கு ஒன்பது மணி நேரம்கூட நிற்காது. ஆனால் உங்கள் ஒரு பரிவர்த்தனைக்கு அப்படிப் பத்துச் சேவைகள் வரிசையாகத் தேவை என்றால்? சுமார் 99 விழுக்காடுதான். அதாவது ஆண்டுக்கு ஏறக்குறைய 87 மணி நேரம் தடங்கல். முக்கியமான கட்டமைப்புகள் 12 மாதத்தில் மொத்தம் 4 மணி நேரத்துக்கு மேல் திட்டமிடாமல் நிற்கக் கூடாது என்பது சிங்கப்பூர் நாணய வாரியத்தின் விதி.

நெட்ஃபிளிக்ஸ் மட்டும் எப்படிச் சமாளிக்குது என்று கேட்பீர்கள். 2008இல் அதன் தரவுத்தளம் பழுதான பிறகு, அவர்கள் எல்லாவற்றையும் சிறு சேவைகளாகப் பிரித்து கிளவுட்டுக்கு மாற்றினார்கள். முடிக்க சுமார் ஏழு ஆண்டு ஆனது. ஆனால் பரிந்துரைச் சேவை நின்றால் அவர்கள் பொதுவான ஒரு பட்டியலைக் காட்டிவிடலாம், நமக்குத் தெரியக்கூட தெரியாது. வங்கி "உங்களிடம் ஏறக்குறைய 800 வெள்ளி இருக்கலாம்" என்று காட்ட முடியுமா?

மாற்று ஏற்பாடு இருந்தாலும் போதாது. 2023 அக்டோபர் 14ஆம் தேதி ஒரு தரவு நிலையத்தில் குளிரூட்டும் கட்டமைப்பு பழுதானது. டிபிஎஸ், சிட்டிபேங்க் இரண்டும் மாற்று நிலையத்துக்கு மாறப் பார்த்தன. டிபிஎஸ்ஸில் கட்டமைப்பு இணைப்பு தவறாக அமைக்கப்பட்டிருந்தது. சிட்டியிலும் இணைப்புச் சிக்கல். சுமார் 2.5 மில்லியன் கட்டணப் பரிவர்த்தனைகளும் ஏடிஎம் பரிவர்த்தனைகளும் முடியாமல் போயின. சேவைகளை மட்டும் நகல் எடுத்து வைத்தால் ஆகாது, அவற்றுக்கு இடையிலான வழிகளும் சேர்ந்தே மாற வேண்டும். என் பார்வையில் பெரிய நிறுவனங்கள் குறைவாகச் சோதித்துப் பார்ப்பது இதைத்தான்.

இன்னொரு தலைவலி, ஆட்கள். ஒவ்வொரு சேவைக்கும் ஒரு குழு. இரவு மூன்று மணிக்கு ஏதோ நின்றால், "எங்க பக்கம் சரியாத்தான் இருக்கு" என்று ஐந்து குழுக்கள் சொல்லும். உண்மையிலேயே சரியாகவும் இருக்கும்!

2023 நவம்பர் 1ஆம் தேதி நாணய வாரியம், அத்தியாவசியமற்ற தகவல் தொழில்நுட்ப மாற்றங்களை ஆறு மாதம் நிறுத்தி வைக்கும்படி டிபிஎஸ்ஸிடம் சொன்னது. வேகமாக மாற்றங்கள் செய்யத்தான் பெரிய நிறுவனங்கள் இந்தக் கட்டமைப்புக்கே வருகின்றன, கவனிச்சீங்களா? அப்போதைய தலைமை நிர்வாகி பியுஷ் குப்தாவின் அந்த ஆண்டு மாறுவிகிதச் சம்பளமும் 30 விழுக்காடு குறைந்தது, அதாவது 4.14 மில்லியன் வெள்ளி.

தடை 2024 ஏப்ரல் இறுதியில் முடிந்தது, வாரியம் நீட்டிக்கவில்லை. செயல்பாட்டு இடர்களுக்காக வங்கி கூடுதல் மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்ற 1.8 மடங்கு நிபந்தனையை மட்டும் அப்போது எடுக்கவில்லை.