தலைக்குள் இருந்த இலக்கங்கள்

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுது. புறக்கோட்டையில் சாமான்கள் வாங்கிக்கொண்டு வெள்ளவத்தைக்குத் திரும்ப 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினேன். நல்ல மழை. கொள்ளுப்பிட்டியைத் தாண்டுவதற்குள் காலி வீதி அசையாமல் நின்றுவிட்டது. ஐந்தரை மணிக்கு மகளுக்கு ரியூசன் முடியும். ஐந்து நிமிடம் பிந்தினாலே வாசலில் நின்று அழுகிற பிள்ளை அவள். சொல்லிவிடலாம் என்று கைத்தொலைபேசியை எடுத்தால், அது செத்துக் கிடக்கிறது. காலையிலிருந்து சமையல் வீடியோ பார்த்த பலன்!

பக்கத்தில் இருந்த சிங்களப் பெண்பிள்ளை என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டாள். "எடுங்கள் அக்கா" என்று தன் தொலைபேசியை நீட்டினாள். வாங்கினேன். விரலைக் கொண்டு போனேன். விரல் நின்றுவிட்டது.

யாருடைய இலக்கம் எனக்குத் தெரியும்? கணவருடையது 077 என்று தொடங்கும். அதற்குப் பிறகு? ரியூசன் சேருடையது? தங்கச்சியுடையது? ஒன்றுமே இல்லை. எல்லாரும் அந்தச் செத்த பெட்டிக்குள் பெயர்களாகப் படுத்துக் கிடந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த நேரத்தில் ஓர் இலக்கம் மட்டும் பளிச்சென்று நினைவுக்கு வந்தது. மட்டக்களப்பில் அப்பாவின் கடை இலக்கம்! அந்த நாளில் வெறும் ஐந்து இலக்கங்கள்தான். பிறகு முன்னால் இரண்டு இரண்டுகளை ஒட்டி ஏழாக்கினார்கள். அப்பாவும் இல்லை, கடையும் இல்லை. இலக்கம் மட்டும் இருக்கிறது.

மூளை தேய்ந்துவிட்டது என்று சொல்லாதீர்கள் சகோதரிகளே. அடையாள அட்டை இலக்கம் ஒன்பது எண்களும் ஓர் எழுத்தும் எனக்கு மனப்பாடம். (2016க்குப் பின் வந்த புதிய அட்டைகளில் பன்னிரண்டு எண்கள். மகளின் காலத்துக்கு அது.) 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களில் ஸ்கூட்டரின் கடைசி எண்ணை நித்திரையிலும் சொல்வேன். வங்கி அனுப்பும் ஆறு எண்களை ஒரு நிமிடத்துக்குள் தட்டி முடிக்கிறேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் எண் கொடுத்துக் கொடுத்து, வீட்டு மனிதருக்கு இடமில்லாமல் போய்விட்டது.

தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தேன். "இலக்கம் தெரியாது" என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "வேலை செய்யவில்லை" என்று ஒரு பொய் சொன்னேன். பாவம், அவள் தன் தொலைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

போய்ச் சேர ஆறரை. மழைச் சாரலில், காவலாளி ஐயாவின் கதிரையில் மகள் தனியே இருந்தாள். அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சேர் உங்களுக்குக் கோல் எடுக்க நம்பர் கேட்டவர் அம்மா. எனக்குத் தெரியல்ல."

ஒன்பது வயது. இரண்டாம் வாய்ப்பாடு முதல் பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை ஒப்புவிப்பாள். ஆங்கிலப் பாட்டுகள் பத்துப் பாடுவாள். அம்மாவின் இலக்கத்தை அவளுக்கு நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் இராச்சாப்பாட்டு நேரம் இலக்கப் பாடம் நடக்கிறது. மகள் இரண்டே நாளில் பாடமாக்கிவிட்டாள். நான் நாலு நாள் எடுத்தேன். இவர்தான் ஏழாவது எண்ணில் இன்னும் தடுமாறிக்கொண்டு, "போனில்தானே இருக்கிறது" என்கிறார்.