புதிய அதிபருக்கு முதலாண்டுத் துணை

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் ஒரு சிறிய பாடசாலையைப் பொறுப்பேற்கும் அதிபரின் கைக்கு முதல் நாள் வருபவை சாவிக்கொத்தும் சம்பவத்திரட்டுப் புத்தகமும் பொருட்பதிவேடும். முன்னையவர் கையொப்பமிட்டுப் போய்விடுவார். பதிவேட்டில் உள்ள கதிரைகளும் மண்டபத்தில் கிடக்கும் கதிரைகளும் ஒத்துவராவிட்டால் பதில் சொல்லவேண்டியவர் புதியவர்தான். பல இடங்களில் முகாமைத்துவ உதவியாளரும் இல்லை, பிரதி அதிபரும் இல்லை. ஆசிரியர் ஒருவர் வராத நாளில் அந்தப் பாடவேளைக்கும் அவரே போகவேண்டும்.

இலங்கை அதிபர் சேவையின் மூன்றாம் தரத்துக்கு 2019 பெப்ரவரியில் பரீட்சை எழுதியவர்களுக்கு 2023 நவம்பரில்தான் நியமனம் கிடைத்தது. நாடு முழுவதும் 4,700க்கு மேற்பட்டோர் ஒரே தடவையில் அதிபர் சேவைக்குள் வந்தார்கள். அந்த இடைக்காலத்தில் எத்தனையோ பாடசாலைகளைக் கடமை நிறைவேற்று அதிபர்களே தாங்கி நின்றார்கள். அவர்களது அனுபவத்தை முறையாகக் கேட்டுப் பெற்றுக்கொள்ள எவரும் முன்வராதது பெரிய இழப்பு.

பயிற்சி இல்லை என்று சொல்லமுடியாது. மீப்பேயில் கல்வித் தலைமைத்துவ அபிவிருத்தி நிலையம் இருக்கிறது. தாபன விதிக்கோவையும் நிதிப் பிரமாணங்களும் கட்டாயம் படிக்கவேண்டியவை. ஆனால் பாடநெறிகள் மனதில் வைத்திருப்பது பெரும்பாலும் 1ஏபி பாடசாலையை: பிரதி அதிபர், பகுதித் தலைவர்கள், அலுவலகம் எல்லாம் உள்ள இடத்தை. வகை 3 எனப்படும் சிறிய பாடசாலைக்குப் போகிறவருக்கு, பகிர்ந்தளிக்க ஆளே இல்லாதபோது வேலையை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று யாராவது காட்டித்தரவேண்டும்.

தீவகத்துக்கே உரிய இன்னொரு சிக்கல், வெளிநாட்டுப் பணம். 1990, 1991 போர்க்கால இடப்பெயர்வுகளுக்குப் பின் வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு மக்களில் பலர் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று போய்விட்டார்கள். படித்த பள்ளியை அவர்கள் மறக்கவில்லை. அந்தப் பாசத்துக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனால் இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் அழைத்து, “சேர், நாங்கள் ஒரு மாடிக் கட்டடம் கட்டித் தாறம்” என்று ஒருவர் சொல்லும்போது, பாடசாலைக்கு உண்மையில் வேண்டியது விஞ்ஞான ஆசிரியர் என்றால் புதிய அதிபர் என்ன சொல்வார்? அந்தப் பணம் யார் கணக்குக்கு வரவேண்டும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் எப்போது தீர்மானம் எடுக்கவேண்டும், அன்பளிப்பாக வந்த கணினியை எந்தப் பதிவேட்டில் ஏற்றவேண்டும்? நல்ல மனதோடு செய்த காரியமே பின்னாளில் கணக்காய்வு விசாரணையாகிவிடக்கூடும்.

இத்தகைய கேள்வி எழும்போது அவர் யாரிடம் கேட்பது? வலயக் கல்வி அதிகாரியிடம் கேட்கலாம். அவரோ இவரை மதிப்பீடு செய்பவர். தெரியாது என்று அவர் முன் சொல்லப் புதியவருக்குத் தயக்கம் இருக்கும். அந்தத் தயக்கத்தை நாம் குறைகூறமாட்டோம். மேற்பார்வையையும் துணையையும் ஒரே ஆளிடம் ஒப்படைத்திருப்பதுதான் பிழை.

பிற நாடுகளைப் பார்த்தால், சிங்கப்பூரில் அதிபராகப்போகிறவர்களுக்குப் பல மாத முழுநேரப் பாடநெறி உண்டு. இங்கிலாந்து தலைமையாசிரியர் தகைமையை 2009இல் கட்டாயமாக்கி, 2012இல் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. எழுவைதீவுப் பாடசாலை ஒன்றிலிருந்து அதிபரை மாதக்கணக்கில் வெளியே எடுக்க எங்களால் முடியாது. துணைதான் அவரிடம் போகவேண்டும்.

அதற்கு வேலணை பொருத்தமான இடம். பண்ணைப் பாலத்தால் வருபவரும் புங்குடுதீவிலிருந்தும் ஊர்காவற்றுறையிலிருந்தும் தரைவழியே வருபவரும் இங்கே சேரமுடியும். நயினாதீவிலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் வருபவர்கள் குறிகட்டுவானில் இறங்கிப் பேருந்தில் வரலாம். மாதத்தில் ஒரு நாள், தீவகத்தில் அதிபராக இருந்து ஓய்வுபெற்ற இருவரோ மூவரோ புதியவர்களோடு உட்காரட்டும். மற்ற நாட்களில் தொலைபேசியில் கிடைக்கட்டும். தவணைக்கு ஒரு முறையாவது அந்தந்தப் பாடசாலைக்கே போய்ப் பதிவேடுகளை விரித்துப் பார்க்கட்டும். அங்கே பேசப்பட்டது எதுவும் வலயத்துக்கு அறிக்கையாகப் போகக்கூடாது. இந்த ஒரு நிபந்தனையில் விட்டுக்கொடுத்தால் எவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

மாகாணக் கல்வித் திணைக்களம் இதற்குத் தரவேண்டியவை அதிகமில்லை. துணை நிற்கும் ஓய்வுபெற்ற அதிபருக்கு ஒரு நியமனக் கடிதம், படகுக் கூலியோடு பயணப்படி, அந்த மாதாந்தச் சந்திப்பு நாளைக் கடமை நாளாகக் கொள்ளும் ஒரு சுற்றறிக்கை. கடல் கொந்தளித்து நெடுந்தீவுப் படகு ஓடாத நாளில் அங்குள்ள அதிபரின் லீவைக் கழிக்கக்கூடாது என்பதையும் அதே சுற்றறிக்கையில் எழுதிவிடலாம்.