வெள்ளோட்டம் காணாத தேர்கள்

முகூர்த்த நாளொன்றில், வலிகாமத்துக் கல்யாண மண்டபம் ஒன்றின் வாசலில் நின்று நாம் ஒரு காட்சியைக் கண்டோம். மொறிஸ் மைனர் கார் ஒன்று லொறியில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டது. அதன் கூரையை அறுத்து எடுத்திருந்தார்கள். முகம் பார்க்கலாம் போன்ற சிவப்பு வர்ணம். பளபளக்கும் பெரிய சில்லுகள். நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும் உடல். பின்புறத்தில் பந்தயக் காருக்கு இருப்பது போன்ற ஒரு சிறகு. மணமக்கள் ஏறி அமர்ந்தனர். ஒளிப்படக்காரர் கை காட்டினார். கார் உறுமியது, இருமியது, நின்றது. பட்டுவேட்டி கட்டிய நான்கு இளைஞர் பின்னால் நின்று தள்ளினர். தள்ளுகிறவர்கள் படத்தில் விழாதபடி ஒளிப்படக்காரர் இடம் மாறி நின்றுகொண்டார். கூட்டம் கைதட்டியது. நாமும் சிரித்தோம். வீடு திரும்பும் வழியில்தான் அந்தச் சிரிப்பு வற்றியது.

கல்யாணத்தின் மகிழ்ச்சியைக் கெடுப்பது எமது நோக்கமன்று. இளைஞர் அழகை விரும்புவதையும் நாம் குறைகூறோம். அங்கே தள்ளப்பட்ட கார் எத்தகையது, எதனைக் கடந்து வந்தது என்பதை அறிந்ததனாலேயே எமக்குக் கோபம் வந்தது.

மொறிஸ் மைனர் 1948-ல் இங்கிலாந்தில் வெளிவந்தது. செல்வந்தனின் உல்லாசத்துக்காக அன்றி, நடுத்தரக் குடும்பம் வாங்கி ஓட்டக்கூடிய சிறிய காராகவே அது அமைக்கப்பட்டது. அதுவும் ஒஸ்ரின் வகைக் கார்களும் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் வாடகைக் கார்களாகவும், ஆசிரியர், வைத்தியர் வீட்டுக் கார்களாகவும் ஓடின. 1957-ல் வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துப் புகுத்தப்பட்டபோது, அதனை எதிர்த்த தமிழரின் கிளர்ச்சி இத்தகைய கார்களின் நெற்றியிலேயே நடந்தது. பின்னர் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது, இறக்குமதி இறுக்கப்பட்டது. பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட 1977 வரை சாதாரண மனிதனுக்குப் புதிய கார் எட்டாக்கனியாகவே இருந்தது. உள்ளதைச் சாகவிடாமல் காக்கும் வித்தையை எமது கராஜ்கள் அக்காலத்திலேயே கற்றன.

அந்த வித்தைக்குப் பெரும் பரீட்சை 1990-ல் வந்தது. அவ்வாண்டு ஜூனில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்குப் பெற்றோலும் டீசலும் பற்றறியும் வருவது தடைசெய்யப்பட்டது, மின்சாரமும் நின்றது. எமது மக்கள் மண்ணெண்ணெயில் கார் ஓட்டினார்கள். கார்புறேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எந்திரத்தைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். இது மந்திரமன்று. பழைய எந்திரங்களில் அமுக்க விகிதம் குறைவு. ஆதலால் தரங்குறைந்த எரிபொருளையும் அவை சகித்துக்கொண்டன. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் மெல்ல மெல்ல எந்திர ஒயிலில் கலந்து அதன் பசையைக் கெடுக்கும். எப்போது மாற்றுவது, எவ்வளவு சூடேறவிடுவது, எந்தச் சத்தம் ஆபத்து என்பவற்றையெல்லாம் பள்ளிப் படிப்பை இடையில் விட்ட தொழிலாளி காதால் கேட்டும் மூக்கால் முகர்ந்தும் அறிந்தான். பிரசவ வேதனையில் துடித்த தாயை நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தது அந்த அறிவேயாகும். 1995 ஒக்டோபர் 30-ல் வலிகாமம் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது, நடந்தோருக்கும் சைக்கிளில் மூட்டை கட்டியோருக்கும் நடுவே முதியோரைச் சுமந்து ஊர்ந்ததும் அந்த அறிவே.

அந்தக் காருக்கு இன்று செய்யப்படுவது என்ன?

முதலில் கூரை போகிறது. மொறிஸ் மைனருக்கு அடியில் தனிச் சட்டகம் கிடையாது. தரையும் பக்கங்களும் கூரையும் ஒன்றையொன்று பற்றி நின்றே பாரத்தைத் தாங்குகின்றன. திறந்த காரைத் தொழிற்சாலையும் செய்து விற்றது. ஆனால் கூரை இல்லாத குறையை ஈடுசெய்ய அடிப்பாகத்தில் மேலதிக வலுவூட்டல்களைப் பொருத்தியே விற்றது. நாம் கண்ட காரில் வாள் மட்டுமே வேலை செய்திருந்தது. வலுவூட்டலைத் தேடியும் காணோம். அடுத்து, உடல் கண்டபடி தாழ்த்தப்படுகிறது. சில்லு ஏறி இறங்க இடமின்றி ஒவ்வொரு குழியும் பயணியின் முதுகெலும்பைப் பதம் பார்க்கிறது. அகன்ற ரயர்களால் சுக்கான் கனக்கிறது. பிறேக்கோ பழைய டிரம் பிறேக்கேதான். சில்லின் இடைவெளியால் தெரியும் என்பதற்காக அதற்குச் சிவப்பு வர்ணம் மட்டும் பூசியிருக்கிறார்கள். புகைக்குழாயை மாற்றிப் பந்தயக் காரின் உறுமலை வரவழைக்கிறார்கள்; எந்திரத்தைத் திறந்து பார்ப்பாரில்லை. ஒரு நாள் கூத்துக்கு மீசை சிரைத்தவனைப் பார்த்து நகைத்த எமது ஊர், ஒரு நாள் படத்துக்காகக் காரின் முதுகெலும்பையே அறுப்பவனுக்குக் கைதட்டுகிறது!

“எங்கள் காசு, எங்கள் கார், உங்களுக்கு என்ன?” என்று கேட்பார்கள். கார் உங்களுடையதாக இருக்கலாம், தெரு எல்லோருடையது. நிற்கவேண்டிய இடத்தில் நில்லாத காரின் முன்னே பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை நடந்துகொண்டிருக்கிறது. அந்தக் காசு யாருடையது என்பதையும் சிந்திப்போமாக. பனி கொட்டும் தேசத்தில் இரவும் பகலும் இரு வேலை பார்க்கும் அண்ணன் அனுப்பிய காசு அது. இல்லையேல் மாதந்தோறும் வட்டி தின்னும் கடன். அதிலே வர்ணத்துக்கும் சில்லுக்கும் பேரம் இல்லை. எந்திரத்தைப் பிரித்துப் பூட்டும் தொழிலாளியின் கூலிக்கு மட்டும் பேரம்! பகட்டுக்குக் கொடை, உழைப்புக்குக் கஞ்சத்தனம். இந்தக் கணக்குக் கார்களோடு முடிவதில்லை என்பதை எமது வாசகர் அறிவர்.

“காரை மாற்றியமைப்பதே குற்றமா?” என்பது இரண்டாவது கேள்வி. குற்றமன்று. புகழ்பெற்ற எம்.ஜி. பந்தயக் கார்கள் அவ்வாறே பிறந்தன. அப்பெயரே மொறிஸ் கராஜைக் குறிப்பது. ஒக்ஸ்போர்டு நகரில் செசில் கிம்பர் என்பவர் 1920-களில் சாதாரண மொறிஸ் கார்களுக்கு அழகிய புதிய உடல் கட்டினார். உடலோடு அவர் நிறுத்தவில்லை. எந்திரத்திலும் சட்டகத்திலும் கை வைத்தார்; தாம் அமைத்த காரைத் தாமே ஓட்டி, 1925-ல் லாண்ட்ஸ் எண்ட் ஓட்டப் பரீட்சையில் தங்கப் பதக்கம் பெற்றார்.

மொறிஸ் மைனரைப் படைத்த அலெக் இசிகோனிசும் வாள் எடுத்தவரே. கார் வெளிவருமுன், மாதிரிக் கார் ஒடுக்கமாகத் தோன்றியதால், அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, பாதிகளை விலக்கி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகலமாக்கினார். கண்ணுக்கும் நிறைந்தது, தெருவிலும் கார் உறுதியாகக் கால் ஊன்றியது. அந்தத் தழும்பை முன்மூடியின் நடுவே ஓடும் பட்டையில் இன்றும் காணலாம். அழகும் ஓட்டமும் பகையல்ல என்பதற்கு அந்தக் காரே சாட்சி. ஓட்டத்தைக் கொன்று பெறும் அழகைத்தான் நாம் போலி என்கிறோம்.

இதை வெளிநாட்டாரிடம் கற்கவேண்டிய தேவையும் எமக்கில்லை. புதிய தேர் செய்தால், வீதியில் வெள்ளோட்டம் விட்ட பின்பே திருவிழாவுக்கு எடுப்பது எமது கோவில்களின் வழக்கம். அச்சு தாங்குகிறதா, சில்லு நேரே உருள்கிறதா, கட்டை போட்டால் நிற்கிறதா என்று முதலில் பார்ப்பர். சேலையும் தோரணமும் பின்னரே. முட்டுக்கட்டையோடு சில்லருகே குனிந்து செல்லும் மனிதனை நம்பித்தான் ஆயிரம் பேர் வடம் பிடிக்கிறார்கள். மாட்டுவண்டிச் சவாரித் திடலிலும் இதே நீதிதான். கொம்புக்கு வர்ணம் தீட்டலாம், கழுத்துக்குச் சதங்கை கட்டலாம். வெற்றி ஓடிய மாட்டுக்கே.

துருப்பிடித்துக் கிடந்த கார்களை எடுத்து, பிறேக்கையும் சுக்கானையும் எந்திரத்தையும் செப்பனிட்டு, பழைய வடிவிலேயே ஓடவைக்கும் இளைஞரும் எம்மிடையே உள்ளனர். அவர்களை வணங்குகிறோம். அவர்கள் தேடிப்போகும் கராஜ்களின் நிலை என்ன? தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய தொழிலாளி ஒருவரை அண்மையில் சந்தித்தோம். தலை நரைத்துவிட்டது. “கண்ணாடி மாதிரிப் பூசுறதுக்கு ஆள் இருக்குத் தம்பி, காது குடுத்துக் கேக்கிறதுக்குத்தான் ஆள் இல்லை” என்றார். அவரிடம் தொழில் பழகும் பையன் ஒருவனும் இல்லை. அவர் கையில் உள்ளது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர் கண் மூடும் நாளில் அதுவும் மூடிப்போகும். 2022-ல் நாடு முழுவதும் எரிபொருளுக்காக வரிசையில் நின்றது. தட்டுப்பாடு பழங்கதை என்று எண்ணுவோருக்கு அந்த வரிசையே பதில்.

ஆகவே நாம் கேட்பது இது. கார் வைத்திருப்போரே, வர்ணத்துக்கு ஒரு ரூபாய் செலவிடுமுன் பிறேக்குக்கு ஒரு ரூபாய் செலவிடுங்கள். கூரையை அறுக்குமுன் அது எதைத் தாங்குகிறது என்று கேளுங்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016-ல் தொடங்கிய இலங்கை–ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் போன்ற இடங்களில் மோட்டார்த் தொழில் கற்பிப்போரே, இம்முதிய தொழிலாளரை மாணவர்முன் ஆசிரியராக அமர்த்துங்கள். அவர் சொல்வதை எழுதி வையுங்கள். பெற்றோரே, கராஜில் வேலை பழகும் மகனை எண்ணெய் படிந்த கைக்காக வெட்கப்படச் செய்யாதீர்கள்.

அந்தக் கல்யாண வாசலில் காரைத் தள்ளிய நால்வரும் நல்ல பலசாலிகள். அந்தக் கைகளுக்குத் தள்ளவேண்டிய கார் வேண்டாம். திருத்தக் கற்றுத்தரும் ஒரு கராஜ் வேண்டும்.