டீசல் ஏற்றம் யார் தலையில்?
லாரி வாடகைக்குக் கணக்குப் போடும் கம்ப்யூட்டர்

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் பெரிய சாலையில், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் வரும் ஊர் சுங்குவார்சத்திரம். பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. இன்று அங்கே அதிகமாகத் தங்கி இளைப்பாறுவது லாரிகள்தான்!

சுற்றிலும் தொழிற்சாலைகள். 1998-ம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2007-ல் சாம்சங் வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார்த் தொழிற்சாலை, 2012-ல் பாரத்பென்ஸ் லாரித் தொழிற்சாலை. ஒரு காரின் கதவு ஓரிடத்தில் தயாராகிறது, கண்ணாடி ஓரிடத்தில், டயர் வேறோரிடத்தில். இவை எல்லாம் ஒன்று சேர வேண்டுமானால் லாரி ஓட வேண்டும்.

லாரி ஓடினால் வாடகை உண்டு. அந்த வாடகையை நிர்ணயிப்பது யார்?

பஸ் கட்டணத்தை அரசாங்கம் நிர்ணயிக்கிறது. லாரி வாடகை பேசி முடிப்பதுதான். முன்பு டெலிபோனில் பேரம் நடந்தது; நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார்கள். மாதக் கடைசியில் கணக்குப்பிள்ளை உட்கார்ந்து பில் போடுவார். இப்போது பெரிய டிரான்ஸ்போர்ட் கம்பெனிகளில் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது.

எப்படி? முதலில் அதற்கு ஒரு விலைப்பட்டியல் கொடுக்க வேண்டும். எந்த வாடிக்கையாளர், எங்கிருந்து எங்கே, 20 அடி லாரியா 32 அடி லாரியா, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இந்த ரேட் என்று ஒவ்வொன்றாகப் பதிய வேண்டும். அதன் பிறகு ஆள் தேவை இல்லை. சரக்கு இறங்கி, ரசீதில் கையெழுத்து விழுந்து, அதைப் படம் பிடித்து அனுப்பினால் போதும். பில் தானாக வந்துவிடும்.

நல்ல ஏற்பாடுதான். சந்தேகம் இல்லை. ஆனால் டீசல் விலை மாறினால்?

100 ரூபாயைத் தாண்டிய டீசல்

2014-ம் ஆண்டு அக்டோபரில் டீசல் விலை மீதிருந்த கட்டுப்பாட்டை மத்திய அரசு நீக்கியது. 2017-ம் ஆண்டு ஜூன் 16 முதல் தினமும் விலையை மாற்றும் முறை வந்தது. 2018 ஜூலையில் நாடு முழுவதும் லாரிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, இந்தத் தினசரி விலை மாற்றமும் அவர்களுடைய குறைகளில் ஒன்று. 2021-ம் ஆண்டு தொடக்கத்தில் சென்னையில் லிட்டர் 80 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக இருந்த டீசல், அக்டோபரில் 100 ரூபாயைத் தாண்டியது. நவம்பர் 4-ந் தேதி மத்திய அரசு உற்பத்தி வரியில் 10 ரூபாய் குறைத்த பிறகுதான் லாரிக்காரர்கள் மூச்சு விட்டார்கள்.

ஆகவே ஒப்பந்தத்தில் டீசலுக்கு என்று ஒரு விதி எழுதுகிறார்கள். டீசல் இவ்வளவு ஏறினால் வாடகை இவ்வளவு ஏறும் என்பது அந்த விதி. கம்ப்யூட்டர் அதை அப்படியே பின்பற்றும். சங்கதி எல்லாம் அந்த விதிக்குள்தான் இருக்கிறது!

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் பார்க்கலாம். டீசல் 80 ரூபாயாக இருந்தபோது 500 கிலோமீட்டருக்கு வாடகை 20,000 ரூபாய் என்று பேசியாயிற்று. வாடகையில் 100-க்கு 40 பங்கு டீசல் செலவு என்று ஒப்பந்தம் சொல்கிறது. டீசல் 100 ரூபாய் ஆகிவிட்டது. அதாவது 100-க்கு 25 வீதம் ஏற்றம். அப்படியானால் வாடகை 100-க்கு 10 வீதம் கூடும். கம்ப்யூட்டர் 2,000 ரூபாய் சேர்த்துக் கொடுக்கும்.

லாரிக்காரருக்கு ஆன செலவு என்ன? லிட்டருக்கு 4 கிலோமீட்டர் வீதம் 125 லிட்டர். லிட்டருக்கு 20 ரூபாய் கூடுதல் என்றால் 2,500 ரூபாய். போகும்போதே 500 ரூபாய் நஷ்டம். திரும்பி வரும்போது லோடு கிடைக்காவிட்டால்? காலி வண்டிக்கு 100 லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும் இன்னும் 2,000 ரூபாய் போய்விடும்.

இதைவிட நுட்பமான இடம் ஒன்று உண்டு. டீசல் 100-க்கு 5 வீதத்துக்கு மேல் ஏறினால்தான் வாடகை மாறும் என்று எழுதுவது வழக்கம். எந்த விலையோடு ஒப்பிட்டு 5 வீதம்? ஒப்பந்தம் போட்ட நாளின் விலையோடா, போன மாத விலையோடா? போன மாத விலையோடு என்று பதிந்துவிட்டால் கதை முடிந்தது. மாதம் 3 வீதமாக ஏறினால், மூன்று மாதத்தில் 80 ரூபாய் டீசல் 87 ரூபாயைத் தாண்டிவிடும். ஆனால் எந்த மாதத்திலும் 5 வீதம் ஏறவில்லை! வாடகை ஒரு பைசா கூடாது.

அமெரிக்காவில் 1994-ம் ஆண்டு முதல் அரசாங்க எரிசக்தித் தகவல் அலுவலகம் வாராவாரம் டீசலின் சராசரி விலையை வெளியிடுகிறது. அங்கே லாரி ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அந்த விலையைப் பார்த்தே கணக்குப் போடுகின்றன. ஒப்பிடும் விலை எது என்ற சண்டை அதனால் குறைகிறது.

இரண்டு ரேட்

டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் ரேட் ஒன்று அல்ல, இரண்டு. தொழிற்சாலையிடம் வாங்குவது பார்ட்டி ரேட். லாரி வைத்திருப்பவருக்குக் கொடுப்பது லாரி ரேட். பெரிய கம்பெனி ஒப்பந்தம் எடுக்கிறது. ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருப்பவர் அதன் கீழ் ஓட்டுகிறார். பார்ட்டி ரேட்டை மட்டும் டீசல் விலையோடு கட்டிப் போட்டு, லாரி ரேட்டை அப்படியே விட்டுவிட்டால், ஏறிய பணம் நடுவிலேயே நின்றுவிடும். தவணை கட்டி லாரி வாங்கியவருக்கு அந்தப் பட்டியல் கண்ணில் படுவதே இல்லை.

ஹால்டிங் பணமும் இப்படித்தான். சரக்கை இறக்காமல் லாரியை நிறுத்தி வைத்தால் நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டும். அந்த நேரம் எப்போது தொடங்குகிறது? கேட்டுக்குள் நுழைந்ததும் என்று பதிந்திருந்தால், கேட்டுக்கு வெளியே சாலையோரம் காத்துக் கிடந்த இரவுக்குக் கணக்கே கிடையாது. லாரியில் உள்ள ஜி.பி.எஸ். கருவிக்கு வந்து சேர்ந்த நேரம் நன்றாகத் தெரியும். ஆனால் அதைக் கேள் என்று கம்ப்யூட்டரிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும்!

பில் சரியாக வந்தாலும் பணம் வர வேண்டுமே! சிறு தொழிலாகப் பதிவு செய்துகொண்ட லாரி உரிமையாளருக்கு 2006-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று துணை நிற்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். வேலை முடிந்து 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் சொல்லாவிட்டால், அதை ஏற்றுக்கொண்டதாகவே பொருள்.