மதுரையில் இறங்கும் மைல்கல்

கோரிப்பாளையம் தர்காவின் குவிமாடத்தைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் அதன் அகலத்தைப் பார்த்துத்தான் வாயைப் பிளப்பார்கள். ஒரே கல்லால் ஆனது, அழகர்மலையிலிருந்து வந்தது என்று யாராவது சொன்ன பிறகுதான், அத்தனை தூரம் எப்படிக் கொண்டுவந்தார்கள் என்ற கேள்வி பிறக்கும். பெரிய விமானங்களைப் பற்றிய நம் பேச்சு அந்த இரண்டாவது கேள்விக்குப் போவதே இல்லை. ‘ஏ380 மதுரைக்கு எப்போது வரும்?’ என்பதோடு நின்றுவிடுகிறது.

வராது. மதுரை ஓடுபாதை 2,300 மீட்டர்கூட இல்லை. அதைவிட முக்கியமாக, ஏர்பஸ் நிறுவனம் அந்த விமானத்தைச் செய்வதையே நிறுத்திவிட்டது. 2007 அக்டோபரில் சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்கு முதன்முதலாகப் பயணிகளோடு பறந்தது. 2021 டிசம்பரில் கடைசி விமானம் எமிரேட்ஸிடம் போய்ச் சேர்ந்தது. மொத்தம் 251. போயிங் 747 அரை நூற்றாண்டுக்கு மேல் தயாரிப்பில் இருந்து 1,574 விமானங்களைக் கண்டது.

இரண்டையும் ஒரே வரிசையில் வைத்துப் புகழ்வது எனக்குச் சம்மதமில்லை. 747 மெய்யாகவே மைல்கல். போயிங் பொறியாளர் ஜோ சட்டர் தலைமையில் அதை வரைந்தபோது, அவ்வளவு எடையைத் தூக்கும் என்ஜின் எந்தப் பயணிகள் விமானத்திலும் இல்லை. பிராட் அண்ட் விட்னி அதற்கென உருவாக்கிய ஜேடி9டி என்ஜினின் முகப்பில் பெரிய விசிறி. உள்ளே எரியப் போகும் காற்றைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு காற்றை அது எரிக்காமலே பின்னால் தள்ளியது. நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளினால் எரிபொருள் மிச்சம், சத்தமும் குறைவு. 1970 ஜனவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு முதல் பயணம் புறப்படும் வேளையில் அந்த என்ஜின் சூடேறிப்போய், பான் ஆம் நிறுவனம் வேறொரு 747ஐக் கொண்டுவந்து நிறுத்த வேண்டியிருந்தது. ஆனாலும் இன்று நம் தலைக்கு மேல் பறக்கும் பயணிகள் ஜெட் விமானங்கள் எல்லாம் அந்த விசிறி காட்டிய வழியில் வந்தவை.

ஏ380 அப்படி ஒரு வழியைத் திறக்கவில்லை. குறை பொறியாளர்களுடையதல்ல, கணக்கினுடையது. ஒரு பொருளின் நீள அகல உயரங்களை இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும். கனமோ எட்டு மடங்காகும். விமானத்தைத் தூக்குவது இறக்கையின் பரப்பு, இழுப்பது எடை. ஆகவே பெரிதாக்கிக்கொண்டே போவதற்கு இயற்கையே வட்டி கேட்கும். போதாததற்கு, விமான நிலையங்களில் நிறுத்த வேண்டுமென்பதால் இறக்கையின் விரிவை 80 மீட்டருக்குள் அடக்கினார்கள். அந்த இறக்கையும் இன்னும் பெரியதொரு வடிவத்தை மனதில் வைத்துச் செய்தது. அந்த வடிவம் பிறக்கவே இல்லை. பிறக்காத அண்ணனுக்காகத் தைத்த இறக்கையின் எடையைத் தம்பி கடைசிவரை சுமந்தான்.

அதன் உறுதியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 2010 நவம்பர் 4 அன்று குவாண்டாஸின் ஏ380 ஒன்று சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய சில நிமிடங்களில் அதன் நான்கு என்ஜின்களில் ஒன்று வெடித்தது. உடைந்த தகடுகள் இறக்கையைத் துளைத்தன, கம்பிகளை அறுத்தன. 469 பேரும் உயிரோடு தரையிறங்கினார்கள். விமானிகளின் திறமைக்கும், அந்த அடியைத் தாங்கிய கட்டுமானத்துக்கும் கைகூப்பத் தோன்றுகிறது.

ஆனால் மைல்கல் வேறிடத்தில் இருக்கிறது. இரண்டே என்ஜின் உள்ள விமானம், ஒன்று நின்றுபோனால் ஒரு மணி நேரத்துக்குள் இறங்க இடம் இருக்கும் வழியில்தான் பறக்கலாம் என்பது பழைய விதி. 1985இல் அமெரிக்கா அதை இரண்டு மணி நேரமாகத் தளர்த்தியது. இன்று இரட்டை என்ஜின் ஏ350 ஆறு மணி நேரத்தையும் தாண்டி அனுமதி பெற்றிருக்கிறது. ஒற்றை என்ஜினை நம்பிக் கடலுக்கு மேல் அத்தனை நேரம் பறக்கலாம் என்று சொல்ல வைத்த நம்பகம்தான், என்னைக் கேட்டால், நம் காலத்தின் பெரும் சாதனை. நான்கு என்ஜின்களுக்கு வேலை இல்லாமல் போனதும் அதனால்தான்.

அந்தச் சாதனையின் சின்ன வாரிசு மதுரையிலேயே இறங்குகிறது. இண்டிகோவின் ஏ320 நியோவை யாரும் நின்று படம் எடுப்பதில்லை. அந்த வகையில் வரும் ஒரு என்ஜினில் விசிறிக்கும் அதைச் சுழற்றும் டர்பைனுக்கும் நடுவே பல்சக்கரம் இருக்கிறது. விசிறி மெதுவாகவும் டர்பைன் வேகமாகவும், அதனதன் போக்கில் சுழலும். 747 ஐந்து மடங்கு தள்ளிய காற்றை இது பன்னிரண்டு மடங்கு தள்ளுகிறது. வலியில்லாமல் வந்த புதுமையல்ல: உலோகத்தூளில் கலந்த மாசால் 2023இல் உலகெங்கும் பல நூறு என்ஜின்களைக் கழற்றிச் சோதிக்க நேர்ந்தது, இண்டிகோவின் விமானங்களும் தரையில் நின்றன. இருந்தும் இருக்கைக்கு ஆகும் எரிபொருளில் 15 சதவீத மிச்சம் என்பது, ஐநூறு பேர் சேராத ஊரிலிருந்தும் நேராகப் பறக்கலாம் என்று சொல்கிறது. வளைகுடாவில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்கப் போகும் அம்மா, இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து சென்னைக்குப் போகாமல் மதுரையிலேயே ஏறலாம்.

மதுரைக்கு நீண்ட ஓடுபாதை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் காரணம் ஜம்போ அல்ல. சித்திரை வெயிலில் காற்றின் அடர்த்தி குறையும், இறக்கைக்குப் பிடிமானம் குறையும். எரிபொருளும் ஆளும் நிறைந்த சிறு விமானமே மேலெழும்ப அதிக தூரம் ஓட வேண்டும். இதைச் சொல்லித்தான் நிலம் கேட்க வேண்டும். ஓடுபாதை விரிவாக்கத்தால் இடம் இழக்கும் நிலையில் 2024இல் மறுகுடியமர்வு கேட்டுப் போராடிய சின்ன உடைப்பு கிராம மக்களுக்கு, ரிங் ரோட்டைத் தாண்டித் தார் ஊற்றுவதற்கு முன், மாற்று மனையும் வீடும் கையில் கிடைத்தாக வேண்டும்.